ஸ்பிரைட்டைப் பிடித்த கேமராக்கள்: நைட் விஷன் குழாய் எங்கே கைகொடுத்தது, எங்கே தேவைப்படவில்லை

1989 ஜூலை முதல் வாரத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் விங்க்லர், ராபர்ட் ஃபிரான்ஸ், ராபர்ட் நெம்செக் மூவரும் ஒரு கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ராக்கெட் ஆய்வு ஒன்றுக்காகத் தயாராகிக்கொண்டிருந்த, மிகக் குறைந்த ஒளியிலும் படம் எடுக்கும் தொலைக்காட்சிக் கேமரா அது. சுமார் 250 கி.மீ. தள்ளி ஓர் இடிமழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையைப் படம் எடுப்பது யாருடைய திட்டத்திலும் இல்லை. ஆனால் பதிவான நாடாவில், மேகத்தின் உச்சிக்கும் மேலே, தெளிந்த வானத்தில் இரண்டு நீரூற்றுகளைப் போல ஒரு வெளிச்சம் பதிவாகியிருந்தது. மொத்தம் 30 மில்லி நொடிக்கும் குறைவான நேரம். வீடியோவில் கிட்டத்தட்ட ஒரே ஒரு ஃப்ரேம்.

மேக உச்சி 14 கி.மீ. உயரத்தில், அங்கிருந்து மேலும் 20 கி.மீ. எழும்பிய மின்வெளியேற்றம் என்று கணக்கிட்டு, 1990 ஜூலையில் சயின்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று ஸ்பிரைட் என்று அழைக்கப்படும் நிகழ்வுக்கு முதல் படச் சாட்சி இதுதான்.

அதற்குப் பிறகான முப்பது சொச்ச ஆண்டுகளில் இந்த ஒரே நிகழ்வை எத்தனையோ வகைக் கேமராக்கள் துரத்தியிருக்கின்றன. குறைந்த ஒளிப் படப்பிடிப்பில் நைட் விஷன் கருவியைக் கேமராவோடு மாட்டுவதால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரியாது. மின்னலின் இயற்பியல் இங்கே பின்னணி மட்டும். கவனம் கேமராவின் மீது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைட் விஷன் குழாயை இருட்டுக்கான கருவி என்றே எல்லோரும் நினைக்கிறோம். ஸ்பிரைட் கதையைக் கடைசி வரை தொடர்ந்தால், அது அவசரத்துக்கான கருவி என்று தெரியவரும்.

படம் கிடைப்பதற்கு முன்

இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லிவிட்டார். முகில் அறையைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய அதே வில்சன். அவர் வாதம் எளிமையானது. மின்னல் வெட்டியதும் மேகத்துக்கு மேலே மின்புலம் மாறுகிறது. உயரம் கூடக்கூட அந்தப் புலம் வலுவிழக்கும். ஆனால் காற்றின் அடர்த்தி அதைவிட வேகமாகக் குறையும். ஆகவே ஏதோ ஓர் உயரத்தில், அந்தப் பலவீனமான புலமே மெல்லிய காற்றை உடைத்து ஒளிர வைக்கப் போதும்.

விமானிகள் பார்த்திருக்கிறார்கள். மேகத்துக்கு மேல் என்னவோ பளிச்சிட்டது என்று சொன்னவர்களின் குறிப்புகளை பெர்னார்ட் வானகட், ஓதா வான் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்து 1989இல் வெளியிட்டார்கள். வெள்ளி அயோடைடைத் தூவி மழை பெய்விக்கலாம் என்று 1940களில் கண்டுபிடித்த வானகட்தான் இவர். இடிமேகத்தை விடாமல் வாழ்நாள் முழுக்கத் துரத்திய மனிதர். ஆனாலும் கண்ணால் கண்ட சாட்சி என்பது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் அளவுக்கு வளிமண்டல ஆய்வில் செல்லுபடியாவதில்லை. படம் வேண்டும். படம் எடுக்க வாய்ப்பில்லாமல் இருந்ததற்குக் காரணம் ஸ்பிரைட் மங்கலானது என்பது மட்டுமில்லை. வெகுநேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம்கூடப் படத்தில் விழும். ஸ்பிரைட்டுக்கு அந்த வழி உதவாது. சில மில்லி நொடியில் முடிந்துபோகிற ஒன்றுக்கு எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் வருகிற ஒளி அவ்வளவுதான். கூடுதலாகத் திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் பின்னணி வெளிச்சத்தைத்தான் சேர்க்கும்.

குழாய்க்குள் நடப்பது

கட்டுரை முழுக்கக் குழாய் என்று நான் சொல்வது பிம்பப் பெருக்கிக் குழாயை. ராணுவ வீரர்களின் தலைக்கவசத்தில் தொங்கும் நைட் விஷன் மோனோகுலருக்குள் இருப்பதும் இதுதான். சாதாரணமாக 18 மி.மீ. விட்டமுள்ள முகம். முன்னால் இருக்கும் லென்ஸ் அந்த முகத்தில் காட்சியைக் குவிக்கும். அங்கே இருக்கும் ஃபோட்டோகேதோட் என்ற பூச்சு, விழும் ஃபோட்டான்களில் ஒரு பகுதியை எலக்ட்ரான்களாக மாற்றும். அந்த எலக்ட்ரான்கள் மைக்ரோசேனல் தட்டு என்ற மெல்லிய கண்ணாடி வில்லைக்குள் நுழையும். அந்த வில்லையில் லட்சக்கணக்கான நுண்துளைகள், இரு பக்கத்துக்கும் இடையே சில நூறு வோல்ட் மின்னழுத்தம். துளையின் சுவரில் எலக்ட்ரான் மோதும் ஒவ்வொரு முறையும் மேலும் சில எலக்ட்ரான்கள் கிளம்பும். மறுபுறம் வெளியே வருவது ஆயிரக்கணக்கில். அவை பாஸ்பர் திரையில் மோத, திரை ஒளிர்கிறது. பச்சையாகத் தெரிவது அந்த பாஸ்பரின் நிறம். காட்சியின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதில் ஒரு சங்கதியைப் பலர் கவனிப்பதில்லை. ஃபோட்டோகேதோடில் எலக்ட்ரானாக மாறாமல் வீணான ஃபோட்டானை அதற்குப் பிறகு எவ்வளவு பெருக்கினாலும் மீட்க முடியாது. குழாய் ஒளியை உண்டாக்குவதில்லை. பிறகு என்னதான் செய்கிறது? சென்சாரின் இரைச்சலைத் தோற்கடிக்கிறது.

எந்த டிஜிட்டல் சென்சாரிலும், பிக்சலில் சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணி வெளியே எடுக்கும்போது கொஞ்சம் பிழை சேரும். இதுதான் வாசிப்பு இரைச்சல். பிக்சலில் ஐந்து எலக்ட்ரான் சேர்ந்திருக்கிறது, வாசிப்பு இரைச்சல் ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து காணாமலே போய்விடும். முன்னால் ஒரு குழாயை வைத்தால் ஐந்தில் ஒவ்வொன்றும் ஒளிப்பொட்டாகப் பெருகி, சென்சாரில் பல நூறு எலக்ட்ரானாக விழும். ஐம்பது இரைச்சல் அப்போது ஒரு பொருட்டே இல்லை. வேகமாக வாசிக்க வாசிக்க இந்த இரைச்சல் கூடும் என்பதையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் எல்லாமே இதைப் பிடித்துத்தான் போகிறது.

ஸ்பிரைட்டின் விஷயத்தில் குழாய்க்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. ஸ்பிரைட்டின் ஒளி பெரும்பாலும் நைட்ரஜன் மூலக்கூறிலிருந்து வருவது; சிவப்பிலும் அதைத் தாண்டிய அண்மை அகச்சிவப்பிலும் அதிகம். மூன்றாம் தலைமுறைக் குழாய்களின் காலியம் ஆர்சனைடு பூச்சு மிக நன்றாக வேலை செய்வதும் அதே பக்கம்தான், ஏறத்தாழ 900 நானோமீட்டர் வரை. காட்டில் நட்சத்திர வெளிச்சத்தில் நடக்கும் சிப்பாய்க்காகச் செய்த பூச்சு, மேல் வளிமண்டலத்தின் நைட்ரஜனுக்கு இவ்வளவு பொருந்திப் போனது.

1993: எங்கே திருப்பி வைப்பது

முதல் படம் தற்செயல். அடுத்த கட்டம் திட்டமிட்டது. 1993 ஜூலை 7 இரவில் வளிமண்டல ஆய்வாளர் வால்டர் லயன்ஸ், கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் அருகே உள்ள யக்கா ரிட்ஜ் என்ற இடத்தில் குறைந்த ஒளி வீடியோ கேமராவைக் கிழக்குப் பக்கச் சமவெளிகளின் மேல் திருப்பி வைத்தார். ஒரே இரவில் 240க்கும் மேற்பட்ட ஸ்பிரைட்கள். மறுநாளே அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் சென்ட்மனும் யூஜின் வெஸ்காட்டும் நாசாவின் டிசி-8 விமானத்திலிருந்து மேலும் சில படங்கள் எடுத்தார்கள். அபூர்வம் என்று நினைத்தது சர்வசாதாரணமாக நடப்பது என்று இரண்டே நாளில் தெரிந்துபோனது.

லயன்ஸ் செய்த காரியத்தில் கேமராவைவிட முக்கியம் அவர் தேர்ந்தெடுத்த தூரம். புயல் தலைக்கு மேலே இருந்தால் மேகமே ஸ்பிரைட்டை மறைத்துவிடும். நூறு கி.மீ.க்குள் இருந்தால் மின்னல் நேராகக் குழாய்க்குள் விழும். நைட் விஷன் குழாய்க்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது பிரகாசமான ஒளிப்புள்ளி. சுற்றிலும் ஒளிவட்டம் படரும், பாதுகாப்புச் சுற்று மின்னழுத்தத்தைக் குறைத்துப் படம் முழுவதையும் மங்கலாக்கும். அடிக்கடி நடந்தால் குழாயில் நிரந்தரக் கறையே விழும்.

இங்கே பூமியின் வளைவு உதவிக்கு வருகிறது. கணக்கு கஷ்டமில்லை: தூரத்தின் வர்க்கத்தைப் பூமியின் விட்டத்தால் வகுத்தால், அடிவானத்துக்குக் கீழே எவ்வளவு உயரம் மறைந்திருக்கிறது என்று வரும். 300 கி.மீ. தூரத்தில் 7 கி.மீ. வரை மறையும். 400 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 12.5 கி.மீ. மறையும், அதாவது மேகத்தின் பெரும்பகுதியும் அதன் மின்னலும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஸ்பிரைட்டின் ஒளி மிகுந்த பகுதி சுமார் 70 கி.மீ. உயரத்தில் இருப்பதால், அதே 400 கி.மீ. தூரத்தில் அது அடிவானத்துக்கு மேலே 8 பாகை அளவில் தெரியும். ஆகவே கேமராவை வானத்தைப் பார்க்க அண்ணாந்து வைக்கக் கூடாது. தூரத்துப் புயலின் தலைக்கு மேலே, அடிவானத்தை ஒட்டித் தாழ வைக்க வேண்டும். ஊர் விளக்கு, நிலா இரண்டும் அந்தப் படச் சட்டத்துக்குள் வராத இடமாகவும் இருக்க வேண்டும்.

1994இல் சென்ட்மன் குழு இரண்டு ஜெட் விமானங்களில் பறந்து, ஒரே ஸ்பிரைட்டை இரண்டு கோணத்திலிருந்து படம் எடுத்தது. உச்சி சராசரியாக 88 கி.மீ., மிகப் பிரகாசமான பகுதி 66 முதல் 74 கி.மீ. வரை என்று அளவு கிடைத்தது. 1990 கட்டுரை சொன்ன உயரம் மொத்தம் 34 கி.மீ.தான். மினசோட்டா குழுவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒற்றைக் கேமரா கோணத்தைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. எவ்வளவு விலை உயர்ந்த குழாயை மாட்டினாலும் இது மாறாது. இரண்டாவது இடத்தில் இன்னொரு கேமரா வேண்டும், இரண்டுக்கும் ஒரே கடிகாரம் வேண்டும்.

கொலம்பியா

விண்வெளியிலிருந்து பார்த்தவர்களில் ஒரு பயணத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2003 ஜனவரியில் கிளம்பிய கொலம்பியா விண்கலத்தில் இஸ்ரேலியக் குழு ஒன்றின் மெய்டெக்ஸ் ஆய்வுக்காக, பிம்பப் பெருக்கி பொருத்திய சைபியன் கேமரா ஒன்று இருந்தது. முன்னால் சுழலும் வடிகட்டிச் சக்கரம். பகலில் பாலைவனத் தூசியைப் பார்ப்பது அதன் முதல் வேலை. இரவில் பூமியின் விளிம்பில் இடிமேகங்களுக்கு மேலே திருப்பினார்கள். ஸ்பிரைட்களும், அவற்றுக்கும் மேலே வளையமாக விரியும் எல்வ்ஸ் எனப்படும் ஒளிகளும் பதிவாயின. பிப்ரவரி 1 அன்று கொலம்பியா சிதறியது. இலன் ரமோன், கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் திரும்பவில்லை. பறக்கும்போதே தரைக்கு அனுப்பிய வீடியோவில் இருந்த காட்சிகள்தான் ஆய்வுக் கட்டுரைகளாயின. மறு ஆண்டு தைவானின் ஃபார்மோசாட்-2 செயற்கைக்கோளில் சென்ற ஐசுவல் கருவியும் பிம்பப் பெருக்கி மாட்டிய கேமராதான்.

2005: பத்தாயிரம் ஃப்ரேம்

இந்த வழக்கின் மையம் நியூ மெக்சிகோவில் இருக்கிறது. மேக்டலீனா மலைத்தொடரில், 3 கி.மீ.க்கும் அதிக உயரத்தில் உள்ள லாங்மியூர் ஆய்வகம். 2005 கோடையில் அலாஸ்காவின் ஹான்ஸ் ஸ்டென்பெக்-நீல்சனும், அமெரிக்க விமானப்படை அகாடமியின் மேத்யூ மெக்ஹார்க்கும் அங்கே ஃபேன்டம் 7 என்ற உயர்வேகக் கேமராவைக் கொண்டுபோனார்கள். கார் மோதல் சோதனைகளையும் தோட்டா பாய்வதையும் எடுக்கும் ரகம். நொடிக்கு 10,000 ஃப்ரேம். அதற்கு முன்னால் ஒரு பிம்பப் பெருக்கி. அதே கோடையில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் கம்மர் குழுவும் யக்கா ரிட்ஜில் இதே போன்ற வேகத்தில் படம் எடுத்தது.

உயர்வேகக் கேமரா வழக்கமாகக் கண் கூசும் விளக்குகளுக்கு நடுவே வேலை செய்வது. இரவு வானத்தில் அதை மட்டும் வைத்தால் படம் முழுக்கக் கறுப்புதான். ஒரு ஃப்ரேமுக்கு 50 மைக்ரோ நொடிதான் ஒளி விழுகிறது. அவ்வளவு வேகத்தில் வாசிக்கும் சென்சாரின் இரைச்சலும் அதிகம். மேலே சொன்ன ஐந்துக்கும் ஐம்பதுக்குமான சண்டை இங்கேதான் உச்சத்துக்கு வருகிறது. குழாய் இல்லாமல் இந்தப் படம் இல்லை.

கிடைத்த படங்கள் அதுவரை இருந்த சித்திரத்தையே மாற்றிவிட்டன. சாதாரண வீடியோவில் ஸ்பிரைட் என்பது மேலே தூண்களும் கீழே விழுதுகளுமாக நிற்கும் ஓர் உருவம். 10,000 ஃப்ரேமில் தூணும் இல்லை, விழுதும் இல்லை. சின்னச் சின்ன ஒளிப்பந்துகள் கீழ்நோக்கிப் பாய்ந்தன. பிறகு கீழ்ப்பகுதியிலிருந்து வேறு சில மேல்நோக்கிக் கிளம்பின. ஸ்ட்ரீமர் தலைகள் என்று இவற்றுக்குப் பெயர். வேகம் நொடிக்குப் பத்து லட்சம் மீட்டரிலிருந்து ஒரு கோடி மீட்டருக்கும் மேல். தீபாவளி ராத்திரியில் சுழற்றிய கம்பி மத்தாப்பைப் போட்டோவில் பார்த்தால் வட்டமாகத் தெரியுமே, அப்படித்தான் பழைய வீடியோக்களின் தூண்களில் பெரும்பகுதி, ஓடிய தலைகளின் தடம்.

நொடிக்கு ஒரு கோடி மீட்டர் ஓடும் தலை, 50 மைக்ரோ நொடியில் 500 மீட்டர் நகரும். அதே வேகத்தில் சாதாரண வீடியோவின் ஒரு ஃப்ரேம் நேரம், அதாவது முப்பதில் ஒரு நொடி, ஓடிக்கொண்டே இருந்தால் 330 கி.மீ. போயிருக்கும். ஸ்பிரைட்டின் மொத்த உயரமே அதில் கால்வாசிக்கும் குறைவு. 1989 கேமரா பிடித்தது எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய கூட்டுத்தொகையை.

இந்த அமைப்பில் வெளியில் தெரியாத ஒரு தேர்வு இருக்கிறது: பாஸ்பர். கடைகளில் கிடைக்கும் பச்சை நைட் விஷன் குழாய்களில் பெரும்பாலும் பி43 என்ற பாஸ்பர். அது ஒளிர்ந்து அணைய ஏறக்குறைய ஒரு மில்லி நொடி ஆகும். கண்ணுக்கு அது மிக நல்லது, மினுமினுப்பு குறையும். ஆனால் 10,000 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்த ஃப்ரேமுக்கு 0.1 மில்லி நொடிதான். பி43 மாட்டினால் முந்தைய பத்து ஃப்ரேம்களின் ஆவி இந்த ஃப்ரேமில் மிதக்கும். ஓடும் தலைக்குப் பின்னால் வால் இருப்பதுபோலத் தெரியும், அந்த வால் வானத்தில் இருந்ததா பாஸ்பரில் இருந்ததா என்று சொல்ல முடியாது. அதனால் மைக்ரோ நொடிக் கணக்கில் அணையும் பாஸ்பர் கொண்ட குழாய் தேவை. அவற்றில் வெளிச்சம் குறைவு. அதற்கு ஈடாகப் பெருக்கத்தைக் கூட்டினால் மணிமணியான இரைச்சல் கூடும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

ஸ்பிரைட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது அடுத்த சிக்கல். உயர்வேகக் கேமராக்கள் கடைசிச் சில நொடிகளை மட்டும் நினைவகத்தில் திரும்பத் திரும்ப எழுதி, பழையதை அழித்துக்கொண்டே இருக்கும். நடந்தது தெரிந்தபிறகு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்துவதற்கு முன்பு பதிவானது தப்பிக்கும். பக்கத்தில் அதே திசையைப் பார்க்கும் சாதாரண வீடியோ கேமரா ஒன்றும், திரையை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு மனிதரும் இருந்தால் வேலை நடக்கும். தானியங்கி விசைகள் எத்தனையோ வந்தபிறகும், தூக்கம் வராத ஓர் ஆராய்ச்சி மாணவரை மிஞ்சிய விசை இல்லை என்பது என் எண்ணம்.

மாட்டும் விதம்

குழாயையும் கேமராவையும் சேர்க்க மூன்று வழிகள். குழாயின் திரையைக் கண்ணாடி இழைக் கற்றையால் சென்சாரோடு நேராக ஒட்டிவிடுவது ஒன்று. ஒளி இழப்பு குறைவு, ஆனால் பிரிக்க முடியாது. செயற்கைக்கோளுக்கும் ஆய்வகத்துக்கும் சரி. திரைக்கும் சென்சாருக்கும் நடுவே, திரையின் படத்தைச் சென்சாரில் குவிக்கும் ரிலே லென்ஸ் வைப்பது இரண்டாவது. ஒளியில் பெரும்பங்கு வழியிலேயே போகும். ஆனால் குழாய் ஏற்கெனவே அவ்வளவு பெருக்கியிருப்பதால் கவலையில்லை, கேமராவை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் தனி ஆட்களின் வழி: மோனோகுலரின் கண் வைக்கும் பக்கத்தில் கேமரா லென்ஸை வைப்பது. அடாப்டர் வளையம் வாங்கி மாட்டியதும் நடுவில் ஒரு சின்ன வட்டம், சுற்றிலும் கறுப்பு. உடனே குழாய் சரியில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பிரச்சினை லென்ஸின் குவியத் தூரத்தில் இருக்கும். பிவிஎஸ்-14 வகை மோனோகுலர் 40 பாகை அகலம் காட்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36 × 24 மி.மீ. சென்சார்) அந்த வட்டத்தின் விட்டம், லென்ஸின் குவியத் தூரத்தில் ஏறத்தாழ 0.73 பங்கு. 35 மி.மீ. லென்ஸ் போட்டால் 25.5 மி.மீ. வட்டம் வரும், 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் மேலும் கீழும் லேசாக வெட்டுப்பட்டு உயரம் நிறையும். 50 மி.மீ. போட்டால் வட்டம் 36.4 மி.மீ. ஆகி அகலமும் நிறையும், மூலைகள் மட்டும் இருண்டிருக்கும். இன்னொன்று, கண் இருக்க வேண்டிய இடத்தில் லென்ஸின் நுழைவாய் இருக்க வேண்டும். பெரிய, நீளமான எஃப்/1.4 லென்ஸ்களில் அந்த நுழைவாய் உள்ளே ஆழத்தில் இருக்கும், ஓரங்கள் இருண்டுவிடும். தட்டையான சின்ன லென்ஸே இங்கே மேல்.

ஃபோகஸ் மூன்று இடத்தில் இருக்கிறது, வரிசை மாறினால் விடியும்வரை திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதலில் கேமரா லென்ஸை முடிவிலிக்கு வைத்துப் பூட்ட வேண்டும். அடுத்து மோனோகுலரின் டயாப்டர் வளையம், அதாவது கண் பக்கத்து ஃபோகஸ். இதற்குக் காட்சியைப் பார்க்கக் கூடாது. குழாயின் திரையில் துடிக்கும் மணிகளை, அதாவது இரைச்சல் பொட்டுகளைப் பார்க்க வேண்டும். கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், அந்த மணிகள் மங்கலான கொப்புளமாக இருந்து ஊசிமுனையாகச் சுருங்கும் இடம் தெரியும். சில குழாய்களில் கோழி வலை போன்ற மெல்லிய அறுகோணக் கோடுகளும் அப்போது தெரியவரும். அது இழைக் கற்றையின் இயல்பு, தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். கடைசியாக முன்லென்ஸைத் திருகி நட்சத்திரத்தைக் கூர்மையாக்குவது.

பெரிய மெகாபிக்சல் கேமரா வாங்குவதில் பயனில்லை. மில்லிமீட்டருக்கு 64 கோட்டிணை (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) பிரித்துக் காட்டும் நல்ல குழாயின் 18 மி.மீ. முகத்தில் மொத்தம் 1,152 இணைதான் கொள்ளும். குறுக்கே 2,300 பிக்சலுக்கு மேல் எடுத்தாலும் மணிகள்தான் பெரிதாகும். பச்சைத் திரையாக இருந்தால் பச்சை சானலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குவது நல்லது. பி43இன் ஒளி 545 நானோமீட்டரை ஒட்டி இருப்பதால், சிவப்பு, நீல சானல்களில் இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான்.

குழாய் இல்லாமல்

2000 முதல் பிரான்சின் பிரனே மலைகளில் உள்ள பிக் டு மிடி போன்ற இடங்களிலிருந்து ஐரோப்பியக் குழுக்கள் ஸ்பிரைட்களைத் தேடத் தொடங்கின. வாட்டெக் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைக் கண்காணிப்புக் கேமராவும், விண்கல் பிடிக்கும் யுஎஃப்ஓ கேப்சர் மென்பொருளும் இருந்தால், வீட்டு மாடியிலிருந்தே ஸ்பிரைட் எடுக்கலாம் என்ற நிலை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வந்தது. குழாயே இல்லை. 2014இல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 4,09,600 வரை போகும் சோனி ஏ7எஸ் வந்தபோது, நிறத்திலும் எடுக்க முடிந்தது. வாசிப்பு இரைச்சல் ஒன்றிரண்டு எலக்ட்ரானாகச் சுருங்கிவிட்ட சென்சாருக்கு, முப்பதில் ஒரு நொடி என்பது தாராளமான நேரம். அந்த வேகத்தில் குழாயை முன்னால் வைத்தால் நஷ்டம்தான்: நிறம் போகும், கூர்மை போகும், பெருக்கத்தின் இரைச்சல் சேரும்.

2022 மே 19 இரவில், திபெத் பீடபூமியின் தென்பகுதியில் உள்ள பூமோயோங்சுவோ ஏரிப் பக்கமிருந்து, இரண்டு சீனப் புகைப்பட ஆர்வலர்கள் இமயமலைக்கு அப்பால் வெடித்த புயலின் மேல் 105 சிவப்பு ஸ்பிரைட்களைப் பதிவு செய்தார்கள். கையில் இருந்தவை சாதாரணப் புகைப்படக் கேமராக்கள்தான். நைட் விஷன் குழாயால் ஒருபோதும் எடுக்க முடியாத நிறப் படங்கள். ஆனால் ஆய்வாளர்களுக்கு அதில் ஒரு தலைவலி: கேமராவின் கடிகாரம் நம்பத்தக்கதாக இல்லை. எந்த ஸ்பிரைட் எந்த மின்னலால் வந்தது என்று சேர்க்க, மில்லி நொடியை நெருங்கிய நேரம் வேண்டும். படத்தில் கடந்துபோன செயற்கைக்கோள்களின் பாதையையும் நட்சத்திரங்களின் இடத்தையும் வைத்து வீடியோவின் நேரத்தைத் திருத்தி, ஏறக்குறைய 70 சதவீத ஸ்பிரைட்களுக்குத் தாய் மின்னலைக் கண்டுபிடித்தார்கள். லாங்மியூர் போன்ற இடங்களில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஜிபிஎஸ் நேரம் குத்துவது ஏன் என்று இதைப் பார்த்தால் விளங்கும். புதிதாக ஆரம்பிப்பவர் பணத்தைக் குழாயில் போடுவதற்கு முன் இதில் போடலாம்.

மூன்றாம் தலைமுறைக் குழாய்கள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. அங்கே வாங்கிய ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நாடு கடப்பதே குற்றமாகலாம். ஸ்பிரைட்டின் நிறமும் உருவமும் போதும் என்பவருக்கு இந்த வம்பு எதற்கும் தேவையில்லை. எஃப்/1.4 அல்லது எஃப்/1.8 லென்ஸ், நல்ல ஃபுல் ஃப்ரேம் கேமரா, முக்காலி, 300 கி.மீ. தள்ளி ஒரு பெரிய இடிமேகக் கூட்டம், நிலா இல்லாத இரவு. ஸ்ட்ரீமர் தலை எந்தப் பக்கம் ஓடியது, எங்கே பிளந்தது என்று ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இன்றும் குழாயை விட்டால் வழியில்லை. அவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மடங்கு பெருக்கும் என்பதில்லை. பாஸ்பர் எவ்வளவு சீக்கிரம் அணையும் என்பது.